கேள்வி நேரம்: அந்தக் கைகள் யாருடையவை?

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, அமெரிக்க ஊர்களில் வீட்டுப் பாகுபாட்டுக்கு எதிராகத் தெருக்காரர்களே கூடிச் சுவரோவியம் வரைவதைப் பற்றி நாலு வரி போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அந்த நாலு வரிக்குத்தான் இந்த மாதம் கடிதம் குவிந்துவிட்டது. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இது மட்டும். வழக்கம்போல யார் பெயரும் இல்லை, ஊர் மட்டும்தான்.

எங்கள் தெருவில் ஒரு கடையின் பக்கவாட்டுச் சுவரில் பெரிய ஓவியம் வரையப் போகிறோம். 'இனம் பார்த்து வீடு மறுக்கக் கூடாது, எல்லோரும் சேர்ந்து வாழ்வோம்' என்பதுதான் கருத்து. ஏழெட்டு நிறத்தில் கைகள் கோத்திருப்பது போலவும் மேலே வானவில்லும் கீழே குட்டி வீடுகளுமாக ஒரு மாதிரிப் படமும் தயார். குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தப் படத்தில் மனசு ஒட்டவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. (வாசகி, மில்வாக்கி)

ஏன் என்று நான் சொல்கிறேன். அந்தக் கைகள் யாருடையவை? யாருடையவையும் இல்லை. பல் மருத்துவரின் காத்திருப்பு அறையிலும் வங்கி காலண்டரிலும் பள்ளிக்கூட வாசலிலும் இருப்பது அதே கைகள்தான். அதைப் பார்த்து யாருக்கும் கோபம் வராது, யாருக்கும் எதுவும் ஞாபகம் வராது, மூன்றாம் மாதம் அந்தச் சுவரே கண்ணில் படாது.

அதிலும் நீங்கள் இருப்பது மில்வாக்கி! உங்கள் ஊரில் உட்கார்ந்துகொண்டு வானவில்லைத் தேடுவது, கிணற்றடியில் நின்றுகொண்டு தண்ணீருக்கு அலைவது மாதிரி. வெல் ஃபிலிப்ஸ் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். உங்கள் நகர மன்றத்தில் உட்கார்ந்த முதல் பெண், முதல் கறுப்பினத்தவர். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம் பார்க்கக் கூடாது என்று 1962-இல் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரவு ஒன்று, எதிர்ப்பு பதினெட்டு. அந்த ஒன்று அவருடைய ஓட்டு. விடாமல் மறுபடி மறுபடி கொண்டுவந்தார், மறுபடி மறுபடி அதே கணக்குதான்.

அப்புறம் 1967 ஆகஸ்ட் 28 அன்று கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் இளைஞர் பிரிவும் ஜேம்ஸ் க்ரோப்பி என்ற வெள்ளைக்காரப் பாதிரியாரும் பதினாறாம் தெரு மேம்பாலத்தைத் தாண்டி நடந்தார்கள். பாலத்துக்கு வடக்கே கறுப்பின மக்கள், தெற்கே போலந்து வம்சாவளி வெள்ளையர்கள். உலகத்திலேயே நீளமான பாலம் இதுதான், ஆப்பிரிக்காவிலிருந்து போலந்துக்குப் போகிறது என்று ஊரில் அப்போது ஒரு கிண்டல் உண்டு. அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் கூட்டம் நின்று கல்லும் பாட்டிலும் வீசியது. இவர்கள் மறுநாளும் போனார்கள், அதற்கு மறுநாளும் போனார்கள், மில்வாக்கிக் குளிர் உங்களுக்குத் தெரியும், அந்தக் குளிரிலும் போனார்கள். மொத்தம் இருநூறு இரவுகள். இன்று அந்தப் பாலத்துக்கே க்ரோப்பி பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பதினெட்டு உயர்ந்த கைகளும் எதிரே தனியாக உயர்ந்த ஒரு கையும். கை வரைந்துதான் ஆக வேண்டும் என்று குழு அடம்பிடித்தால் இதை வரையச் சொல்லுங்கள். இல்லையென்றால் பாலத்தை வரையுங்கள். பனியில் பதிந்த காலடிகளோடு வரைந்தாலே போதும், ஆள்கூட வேண்டாம். தெருவில் இருக்கும் எண்பது வயதுக்காரர் யாராவது அதன் முன்னால் நின்று பேச ஆரம்பித்துவிடுவார்.

பழைய புண்ணை எதற்குக் கிளற வேண்டும்? சுவரோவியம் என்றால் பார்க்கிற பிள்ளைகளுக்கு நம்பிக்கை தர வேண்டாமா? (வாசகர், மிச்சிகன்)

தரட்டும். ஆனால் உங்கள் மாநிலத்திலேயே டெட்ராய்ட்டில் ஒரு சுவர் இருக்கிறது, போயிருக்கிறீர்களா? எட்டு மைல் சாலைக்குத் தெற்கே, பர்வுட் தெரு வீடுகளின் கொல்லைப்பக்கமாக ஓடுகிறது. அரை மைல் நீளம், ஆறடி உயரம், ஓரடி கனம்.

1941-இல் கட்டியது. ஒரு கட்டுமான முதலாளி அங்கே வெள்ளையர்களுக்காக வீடு கட்ட நினைத்தார். பக்கத்திலேயே கறுப்பின மக்கள் குடியிருந்ததால் அந்த வீடுகளுக்கான கடனுக்கு உத்தரவாதம் தர மத்திய வீட்டு நிர்வாகம் தயங்கியது. சரி, நடுவில் ஒரு சுவர் எழுப்பிவிடுகிறேன் என்றார் அவர். எழுப்பினார். உத்தரவாதம் கிடைத்தது. அவ்வளவுதான் கதை. ஏதோ கலவரத்தில் வெறி பிடித்த கும்பல் கட்டியது என்றால்கூட மனசு ஒருவிதமாக ஆறும். இது கடன் வாங்குவதற்கான ஒரு தகுதியாகக் கட்டப்பட்டது, சிமெண்ட் செலவும் கணக்கில் எழுதப்பட்டிருக்கும்.

நான் ஒரு முறை அங்கே போனேன். சுவரைப் பார்த்ததும் ஏமாற்றமாக இருந்தது, இவ்வளவுதானா என்று. ஆறடிதான். ஏணி வேண்டாம், இரண்டு பையன்கள் சேர்ந்தால் ஒருவனை ஒருவன் தூக்கிவிட்டு ஏறிவிடலாம். ஆளைத் தடுக்க அந்தச் சுவர் வேண்டியதே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. தடுப்பது வேறு எங்கோ ஒரு மேஜையில் கோப்பாக இருந்தது. சுவர் அந்தக் கோப்புக்கு ஒரு கையெழுத்து மாதிரி.

அந்தச் சுவரை இடித்துப்போட வேண்டும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் 2006-இல் அக்கம்பக்கத்துக்காரர்களும் ஓவியர்களும் சேர்ந்து, அங்கே உள்ள விளையாட்டுத் திடலை ஒட்டிய பகுதியில் படம் வரைந்துவிட்டார்கள். வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் பேருந்தில் ஏறுகிறார், குழந்தைகள் நீர்க்குமிழி ஊதுகிறார்கள், வண்ண வண்ணமாக வீடுகள். ரோசா பார்க்ஸ் வாழ்க்கையின் பிற்பாதியை டெட்ராய்ட்டில்தான் கழித்தார், 2005 அக்டோபரில் அங்கேதான் இறந்தார், அதனால் அந்த ஊர்க்காரர்களுக்கு அவர் பாடப்புத்தகப் படம் இல்லை, போன வருஷம் போன பெரியம்மா. நம்பிக்கை என்று கேட்டீர்களே, அந்தக் குமிழிகள் நம்பிக்கைதான். ஆனால் அவை எந்தச் சுவரில் பறக்கின்றன என்பது தெரிவதால்தான் அதற்கு மதிப்பு. அதே குமிழிகளைப் புதிதாகக் கட்டிய ஷாப்பிங் மால் சுவரில் வரைந்தால் அது சோப்பு விளம்பரம்.

ஆறாம் வகுப்பு படிக்கும் என் பையன் பள்ளியில் சுவரோவியத்துக்கு உதவுகிறான். 'ரெட்லைனிங்' என்றால் என்ன, யார் எங்கே கோடு போட்டார்கள் என்று கேட்கிறான். எனக்கே சரியாகத் தெரியாது. (வாசகி, ஒஹாயோ)

பையனிடம் நாலு கலர் பென்சிலைக் கொடுத்து உங்கள் ஊர் வரைபடத்தில் வண்ணம் அடிக்கச் சொல்லுங்கள். 1930-களில் வீட்டுக்கடன் கழகம் என்ற மத்திய அரசு அமைப்பு இருநூறுக்கு மேற்பட்ட நகரங்களுக்கு இப்படித்தான் வண்ணம் அடித்தது. பச்சை என்றால் மிக நல்ல பகுதி, நீலம் என்றால் பரவாயில்லை, மஞ்சள் என்றால் சரிந்துகொண்டிருக்கிறது, சிவப்பு என்றால் ஆபத்து. கறுப்பின மக்கள் குடியிருந்த பகுதி பெரும்பாலும் சிவப்புதான், வீடுகள் எவ்வளவு உறுதியாக இருந்தாலும். மேலே சொன்ன மத்திய வீட்டு நிர்வாகமும் கடன் உத்தரவாதத்துக்கு இதே மாதிரிக் கணக்குதான் போட்டது. கடன் கிடைக்காத இடத்தில் கூரை ஒழுகினால் யார் சரி செய்வார்கள்? பத்து இருபது வருஷத்தில் அந்தப் பகுதி உண்மையிலேயே பாழாகும். பார்த்தாயா, அப்போதே சிவப்பு அடித்தோமே என்பார்கள்.

இது அரசாங்கம் போட்ட கோடு. குடியிருப்பவர்களே போட்டுக்கொண்ட கோடும் உண்டு, பத்திரத்தில். செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு தெருவின் வீட்டுக்காரர்கள் 1911-இல் கூடி, அடுத்த ஐம்பது வருஷத்துக்கு 'நீக்ரோ அல்லது மங்கோலிய இனத்தவர்' இங்கே குடியிருக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மங்கோலிய இனம் என்று அந்தக் காலத்தில் சொன்னது சீனர், ஜப்பானியர் போன்ற ஆசியர்களை. ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் 1945-இல் விஷயம் தெரியாமல் அந்தத் தெருவில் வீடு வாங்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை நீதிமன்றம் நிறைவேற்றித் தராது என்று 1948-இல் தீர்ப்பு. ஆனால் வாசகம் பத்திரத்தை விட்டுப் போகவில்லை. செல்லாக்காசாக, ஆயிரக்கணக்கான பழைய பத்திரங்களில் இன்னும் இருக்கிறது. உங்கள் வீடு 1950-க்கு முன்னால் கட்டியது என்றால் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், பையனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரியைப் பெரிதாக்கிச் சுவரில் எழுதினால் அதற்கு மேல் ஓவியமே தேவைப்படாது என்று எனக்குத் தோன்றும்.

வீட்டுப் பாகுபாட்டுக்கு எதிரான மாதம் என்று ஏப்ரலைத்தான் கொண்டாடுகிறார்கள். இதற்கெல்லாம் ஏன் ஏப்ரல் மாதம்? (வாசகர், டெக்சஸ்)

மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டது 1968 ஏப்ரல் 4. வீட்டுப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டது ஏப்ரல் 11. இடையில் ஒரே வாரம். அதற்கு இரண்டு வருஷம் முன்பு இதே பிரச்சினைக்காக கிங் சிகாகோவின் ஏழைப் பகுதியில் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கியிருந்தார். அங்கே மார்க்கெட் பார்க் (Marquette Park) ஊர்வலத்தில் அவர் தலையில் கல் விழுந்தது. முதலில் சட்டத்தில் இனம், நிறம், மதம், பிறந்த நாடு ஆகியவைதான் இருந்தன. பாலினம் 1974-இல் சேர்ந்தது. உடல் குறைபாடு உள்ளவர்களும் குழந்தைகள் உள்ள குடும்பங்களும் 1988-இல். குழந்தை இருக்கிறதா, அப்படியென்றால் வீடு இல்லை என்று சொல்வது அதுவரை மத்தியச் சட்டப்படி சரி!

ஓவியம் வந்தால் அப்புறம் காபிக் கடை வரும், காபிக் கடை வந்தால் வாடகை ஏறும், கடைசியில் நாங்கள்தான் மூட்டை கட்டணும் என்று எதிர்வீட்டுப் பெரியவர் ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை போடுகிறார். முப்பது வருஷமாக அதே வாடகை வீட்டில் இருக்கிறார். இவரை எப்படிச் சமாளிப்பது? (வாசகர், கலிஃபோர்னியா)

சமாளிக்காதீர்கள். அவர் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. 'வண்ணமயமான பகுதி, கலை நிறைந்த சூழல்' என்று வீடு விற்பவர்களின் விளம்பரத்தில் போடும் படம் எது என்று பாருங்கள், இந்த மாதிரி ஓவியம்தான். லாஸ் ஏஞ்சலஸின் பாயில் ஹைட்ஸ் பகுதியில் ஓவியக் காட்சிக்கூடங்களையே வராதே போ என்று ஜனங்கள் மறித்தார்கள், சாதாரணமாகக் கலையை விரும்பும் ஜனங்கள்தான்.

ஆனால் உங்கள் மாநிலத்திலேயே இன்னொரு வழியில் நடந்ததும் உண்டு. சான் டியகோவில் நெடுஞ்சாலையும் கொரோனாடோ பாலமும் மெக்சிக வம்சாவளி மக்களின் பகுதியை இரண்டாகக் கிழித்தன. பாலத்தடியில் பூங்கா தருகிறோம் என்று சொல்லிவிட்டு, 1970 ஏப்ரல் 22 அன்று நெடுஞ்சாலைக் காவல் நிலையம் கட்ட புல்டோசர் வந்தது. ஜனங்கள் கைகோத்து அதன் முன்னால் போய் நின்றார்கள் (பாருங்கள், இங்கே நிஜமாகவே கைகள்). பன்னிரண்டு நாள் இடத்தை விடவில்லை. பூங்கா கிடைத்தது. பாலத்தின் தூண்களில் ஓவியங்கள் வர ஆரம்பித்தது 1973-இல்தான். முதலில் நிலம், அப்புறம் வண்ணம்.

சான் ஃபிரான்சிஸ்கோவின் இன்டர்நேஷனல் ஹோட்டல் கதை அவ்வளவு சுலபமாக முடியவில்லை. ஃபிலிப்பீன்ஸிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த வயதான கூலித் தொழிலாளர்கள் மலிவு வாடகைக்குத் தங்கிய இடம் அது. 1977 ஆகஸ்ட் 4 விடிவதற்கு முன்னால், ஆயிரக்கணக்கானவர்கள் மனிதச் சங்கிலியாகச் சுற்றி நின்றும் போலீஸ் அவர்களை இழுத்து வெளியே விட்டது. அப்புறம் அந்த இடம் பல வருஷம் வெறும் பள்ளமாகக் கிடந்தது. போராட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களால் 2005-இல் அதே இடத்தில் முதியோருக்கான மலிவு வாடகைக் கட்டடம் திறந்தது. அதற்குள் வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலானோர் உயிரோடு இல்லை.

அதனால் பெரியவரிடம் போய், ஓவியத்தோடு சேர்த்து நகர மன்றத்தில் எதைக் கேட்கலாம் என்று கேளுங்கள். வாடகைக் கட்டுப்பாடா, காரணமில்லாமல் காலி செய்யச் சொல்வதற்குத் தடையா, அவருக்குத்தான் தெரியும். முப்பது வருஷம் வாடகை கட்டியவர். ஓவியத்தில் அவர் முகத்தைப் போடலாமா என்றும் கேட்டுப் பாருங்கள், ஆனால் கோரிக்கையை எழுதிய பிறகு. முகத்தைப் போட்டுவிட்டு ஆளைக் காலி செய்தால் அதைவிட அசிங்கம் இல்லை.

வீட்டு பேஸ்மெண்ட்டை வாடகைக்கு விடுகிறேன். 'தமிழ்க் குடும்பம் மட்டும், சைவம் மட்டும்' என்று வாட்ஸப் குழுவில் போட்டேன். சுவரோவியக் குழுவில் இருக்கும் பெண்மணி ஒருவர் இது சட்ட விரோதம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். நானும் அந்த ஓவியத்துக்கு நூறு டாலர் கொடுத்தவன்தான். என் வீடு, என் இஷ்டம் இல்லையா? (வாசகர், நியூ ஜெர்சி)

நூறு டாலருக்கு நன்றி. ஆனால் அந்தப் பெண்மணி சொன்னது சரி.

சட்டத்தில் ஒரு சின்ன விலக்கு உண்டு. வீட்டுக்காரர் தானே குடியிருக்கும், நாலு வீட்டுக்கு மேல் இல்லாத கட்டடம் என்றால் மத்தியச் சட்டத்தின் பெரும்பாலான விதிகள் ஒட்டாது. 'மிசஸ் மர்ஃபி விலக்கு' என்று செல்லமாகச் சொல்வார்கள், வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் விதவை என்று ஒரு கற்பனைப் பாத்திரம். ஆனால் அந்த மர்ஃபி அம்மாள்கூட 'இன்ன நாட்டவர் மட்டும், இன்ன மதத்தவர் மட்டும்' என்று விளம்பரம் போட முடியாது. விளம்பரத்துக்கு விலக்கு கிடையாது. வாட்ஸப்பில் போட்டாலும் அறிவிப்பு அறிவிப்புதான். இனம் பார்ப்பதைப் பொறுத்தவரை 1866-ஆம் வருஷத்துச் சிவில் உரிமைச் சட்டம் தனியாக இருக்கிறது, அதில் மர்ஃபி அம்மாளுக்கே இடமில்லை. மாநிலச் சட்டங்கள் பல இடங்களில் இன்னும் கடுமை. ஒரே சமையலறை, ஒரே குளியலறை என்று சேர்ந்து வாழ ரூம்மேட் தேடுகிறவர்கள் நிலை வேறு. அது மத்தியச் சட்டத்துக்குள் வராது என்று 2012-இல் மேற்குக் கடற்கரை மாநிலங்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சைவம் என்பது அந்தப் பட்டியலில் இல்லாத விஷயம், உண்மைதான். ஆனால் நமக்குள் பேசுவோம். 'சைவம் மட்டும்' என்று போட்டுவிட்டு, போனில் பேசும்போது சொந்த ஊர் எது, அப்பா என்ன வேலை, எந்தக் கோவில் என்று வரிசையாக விசாரிக்கிறோமே, அது சாம்பாருக்கான விசாரணையா? சியாட்டில் நகரம் 2023-இல் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடைசெய்தது, அமெரிக்காவில் அதுதான் முதல் நகரம். அதில் வேலை மட்டுமல்ல, வீடும் சேர்த்தி. கலிஃபோர்னியாவில் அதே வருஷம் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பிவிட்டார், அது வேறு கதை.

செயின்ட் லூயிஸ் பத்திரத்தைப் பற்றி மேலே எழுதினேன். தலீப் சிங் சௌந்த் பெயரையும் கேள்விப்பட்டிருப்பீர்கள், 1956-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாபி. கலிஃபோர்னியாவில் வருஷக்கணக்கில் விவசாயம் பார்த்தவர், ஆனால் குடியுரிமை கிடையாது என்பதால் தன் பெயரில் நிலம் வாங்க முடியாமல் இருந்தவர். 'மட்டும்' என்ற சொல் அவர் பக்கம் திரும்பியிருந்த காலம் அது. உங்கள் அறிவிப்பில் அந்த ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள், வாடகையையும் அட்வான்ஸையும் கார் நிறுத்த இடம் உண்டா இல்லையா என்பதையும் எழுதுங்கள், போதும்.

கடைக்காரர் வாய்மொழியாகத்தான் சுவரைக் கொடுத்திருக்கிறார். நாளைக்குக் கடையை விற்றுவிட்டால்? அப்புறம், எங்கள் குழுவில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள், சாரத்தில் ஏற முடியாது. (வாசகி, பென்சில்வேனியா)

முதலில் எழுத்தில் வாங்குங்கள். எத்தனை வருஷம் இருக்கும், யார் பராமரிப்பது, விற்றால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், இவ்வளவு போதும், ஒரு பக்கம். 1990-இல் வந்த காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டம் ஓவியருக்கு ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. ஓவியத்துக்குச் சேதமில்லாமல் சுவரிலிருந்து எடுக்க முடியும் என்றால், கட்டட உரிமையாளர் 90 நாள் முன்னறிவிப்பு தந்து, எடுத்துக்கொண்டு போக வாய்ப்புக் கொடுக்க வேண்டும். நியூயார்க்கின் குவீன்ஸில் 5 பாய்ண்ட்ஸ் கட்டடத்து ஓவியங்களை 2013-இல் ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளையடித்த உரிமையாளருக்கு, ஓவியர்கள் 21 பேருக்கு 67 லட்சம் டாலருக்கு மேல் தர வேண்டும் என்று தீர்ப்பானது. ஆனால் ஓவியர் அந்த உரிமையை எழுத்தில் விட்டுக்கொடுத்துவிட்டால் போச்சு, அதனால் கையெழுத்துப் போடும் முன்னால் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

சாரத்துக்கு உங்கள் மாநிலத்திலேயே வழி இருக்கிறது. ஃபிலடெல்ஃபியாவில் 1984-இல் தொடங்கிய சுவரோவிய இயக்கத்தார் பாராசூட் துணி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், மெல்லிசான, நெய்யாத துணி. அதைச் சதுரம் சதுரமாக வெட்டி, எண் போட்டு, கோடு மட்டும் வரைந்து கொடுத்துவிடுவார்கள். மேஜையில் உட்கார்ந்து வண்ணம் அடிக்கலாம். முதியோர் இல்லத்திலும் பள்ளியிலும் சிறையிலும்கூட அடித்து அனுப்புகிறார்கள். அப்புறம் அந்தத் துணியை அக்ரிலிக் பசை தடவிச் சுவரில் ஒட்டிவிட்டால், பக்கத்தில் போய் நகத்தால் சுரண்டினால்தான் துணி என்று தெரியும். சுவரை மட்டும் நன்றாகக் கழுவி, சில நாள் காயவிட்டு, பிரைமர் அடிக்க மறக்காதீர்கள். புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். வருஷத்தில் கீழ் இரண்டடிக்கு உப்புப் பூத்துவிடும்.

வாடகை வீடு பார்க்கப் போனேன், இப்போதுதான் ஆள் வந்துவிட்டது என்றார்கள். அன்று சாயங்காலமே என் அலுவலக நண்பர், வெள்ளைக்காரர், அதே வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். ஓவியம் எல்லாம் இருக்கட்டும், நான் என்ன செய்வது? (வாசகர், வர்ஜீனியா)

முதலில் இன்று ராத்திரியே எழுதி வையுங்கள். தேதி, நேரம், யார் பேசினார், என்ன சொன்னார், நண்பர் எத்தனை மணிக்குப் போனார். விளம்பரம் இன்னும் இருந்தால் ஸ்கிரீன்ஷாட். மத்திய வீட்டுவசதித் துறையிடம், ஹட் என்பார்கள், ஒரு வருஷத்துக்குள் புகார் தரலாம், கட்டணம் இல்லை. நீதிமன்றம் போக இரண்டு வருஷம். உங்கள் பகுதியில் இதற்கென்றே தன்னார்வ அமைப்பு இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். அவர்கள் இரண்டு பேரை அனுப்புவார்கள், ஒரே சம்பளம், ஒரே மாதிரிக் குடும்பம், நிறம் மட்டும் வேறு. உங்களுக்குத் தற்செயலாக நடந்ததை அவர்கள் திட்டமிட்டுச் செய்வார்கள். அப்படிப் போகிறவர் நிஜமாக வீடு தேடாதவராக இருந்தாலும், அவரிடம் பொய் சொல்லித் திருப்பி அனுப்பினால் அவர் வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் சொன்னதே உங்கள் வர்ஜீனியாவிலிருந்து போன வழக்கில்தான். கறுப்பினத்தவரிடம் காலி இல்லை என்றும் வெள்ளையரிடம் இருக்கிறது என்றும் சொல்லியிருந்தார்கள். நண்பரிடம் சாட்சி சொல்வாரா என்று இப்போதே கேட்டுவிடுங்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டால் எந்தக் கிழமை என்பதே அவருக்கு மறந்திருக்கும்.

ஓவியத்தில் பதினோரு மொழிகளில் 'இங்கே வீடு இருக்கிறது' என்று எழுதப் போகிறார்கள். தமிழ் என் பொறுப்பு. சங்கப் பாட்டு வரி ஏதாவது போடலாமா? (வாசகி, இல்லினாய்)

வேண்டாம். எல்லாத் தமிழ்ச் சங்க மேடையிலும் தொங்கும் அதே வரியைத்தான் கடைசியில் போடுவீர்கள். பதினோரு மொழியிலும் ஒரே வாக்கியம் என்றால் தமிழிலும் அதே பொருள் இருக்கட்டும், 'வீடு காலி இருக்கிறது' என்று. ஊரில் வாசலில் தொங்கும் அட்டையில் இருப்பது போலவே. ஒரே ஒரு எச்சரிக்கை. எழுத்தை அச்சுக்கோக்கிறவருக்குத் தமிழ் தெரியாது, கம்ப்யூட்டரில் ஒற்றைக்கொம்பும் புள்ளியும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும், அப்படியே பத்தடி உயரத்தில் வரைந்தும் விடுவார்கள். காகிதத்தில் கையால் எழுதிக் கொடுங்கள், வண்ணம் அடிக்கும் நாளன்று பக்கத்திலேயே நில்லுங்கள், 'க்' மேல் புள்ளி விழும்வரை வீட்டுக்குப் போகாதீர்கள்.